கால்கள் தெரிகின்றன... வரிசை எங்கே?

1994, ஏப்ரல் 30. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள 'பாயின்ட்' அரங்கம். ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாடலோடு மோதும் 'யூரோவிஷன்' பாட்டுப் போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. எல்லா நாடுகளும் பாடி முடித்தாயிற்று. மதிப்பெண் கூட்டக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு நடனம் ஏற்பாடாகியிருந்தது. பொதுவாக, வீட்டில் டி.வி. பார்ப்பவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகிற நேரம் அது.

அன்றைக்கு எழுந்து போனவர்கள் ஏமாந்துதான் போனார்கள். முதலில் ஒரு பாடகர் குழு மெல்லப் பாடியது. ஜீன் பட்லர் என்ற இளம்பெண் வந்து ஆடினார். அடுத்து முரசுகள் அதிர, மைக்கேல் ஃபிளாட்லி மேடையின் குறுக்கே பாய்ந்து வந்தார். கடைசியில் ஆண்களும் பெண்களும் மேடையின் முழு அகலத்துக்கும் ஒரே வரிசையாக நின்று, ஒரே நொடியில் தரையைத் தட்டினார்கள். மொத்தம் சுமார் 7 நிமிடங்கள். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அதுதான் 'ரிவர்டான்ஸ்'. பில் வீலன் இசையமைத்த அந்த 7 நிமிட நடனம், 1995 பிப்ரவரி 9 அன்று அதே அரங்கில் முழு நீள மேடை நிகழ்ச்சியாக வளர்ந்து வந்தது. அதே ஆண்டு வீடியோ கேசட்டாகவும் வெளிவந்தது. 1996 மார்ச்சில் நியூயார்க்கின் 'ரேடியோ சிட்டி மியூசிக் ஹால்' மேடையேறியது. அந்த நிகழ்ச்சியும் வீடியோவாக வந்தது. அதன் பிறகு ஜெனீவா, பெய்ஜிங் என்று ஊர் ஊராகப் பதிவுகள்.

டப்ளினில் அன்று நேரில் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர். டி.வி.யில் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். ஆக, இந்த நடனம் புகழடைந்ததே கேமரா வழியாகத்தான். இன்றைக்கும் உலகில் பெரும்பாலானோருக்கு ரிவர்டான்ஸ் என்றால் திரையில் பார்த்ததுதான். அதனாலேயே ஒரு கேள்வியும் எழுகிறது. மேடைக்காக அமைத்த ஒரு நடனத்தைக் கேமரா பிடித்துத் தரும்போது எது நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது? எது கைநழுவிப் போகிறது?

கதம்பம் மாதிரி ஒரு நிகழ்ச்சி

இந்த வகை நிகழ்ச்சிக்கு ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வைத்திருக்கும் பெயர் 'ரெவ்யூ'. தமிழில் கதம்ப நிகழ்ச்சி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதை ஓடாது. ஒரு குழு நடனம், அடுத்து ஒரு தனி நடனம், இடையில் ஒரு பாட்டு, பிறகு வேற்று நாட்டுக் கலைஞர் ஒருவரின் ஆட்டம் என்று தனித்தனிப் பூக்களாகத் தொடுத்துக்கொண்டே போவார்கள்.

ரிவர்டான்ஸிலும் அப்படித்தான். ஐரிஷ் நடனத்துக்கு நடுவே ஸ்பெயினின் மரியா பாகேஸ் வந்து ஃபிளமெங்கோ ஆடுவார். இன்னொரு காட்சியில் ஐரிஷ் நடனக்காரர்களும் அமெரிக்காவின் 'டேப் டான்ஸ்' ஆடுகிறவர்களும் நேருக்கு நேர் நின்று, காலால் சவால் விட்டுக்கொள்வார்கள்.

கதை இல்லாத நிகழ்ச்சியைக் கடைசி வரை உட்கார வைப்பது எது? ஒன்று, முன்னால் நின்று ஆடும் ஒருவரின் வித்தை. இன்னொன்று, பின்னால் நிற்கும் பலரும் ஒரே மூச்சாக இயங்குவது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ரெவ்யூ. கேமரா இந்த இரண்டில் முதலாவதை மிக நன்றாகப் பிடிக்கிறது. இரண்டாவதில்தான் தடுமாறுகிறது.

கேமரா தரும் கொடைகள்

நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம்.

ஐரிஷ் நடனத்தில் பழைய மரபுப்படி கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டித் தொங்கும். இடுப்புக்கு மேல் அசைவே கிடையாது. வித்தை முழுக்க முழங்காலுக்குக் கீழேதான். கனத்த ஷூவின் முன்பக்கமும் குதிகாலும் தரையில் மாறி மாறித் தட்டுகிற வேகத்தை, அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர் காதால்தான் உணர முடியும். கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. கேமரா அந்தக் கால்களை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. முன்னங்கால் எங்கே விழுகிறது, குதிகால் எப்போது சொடுக்குகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியும்.

முகமும் அப்படித்தான். தனியாக ஒருவர் ஆடும் கலைக்குக் கேமரா நல்ல தோழன். பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ரே 1976-ல் எடுத்த 'பாலா' ஆவணப்படம் அதற்குச் சாட்சி. கண்ணும் புருவமும் உதடும் பேசுகிற அபிநயத்தை, நேரில் பார்க்கக் கொடுத்துவைக்காத தலைமுறையும் அதனால்தான் இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது.

இரண்டாவது, எட்டாத தூரமும் எட்டாத விலையும் இல்லாமல் போகின்றன. நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒரு பெரிய அரங்கில் நல்ல இருக்கைக்கு ஆகும் செலவு பல குடும்பங்களுக்குக் கனவு. பதிவு செய்த நிகழ்ச்சிக்கு முன்வரிசை, பின்வரிசை என்ற பேதமே கிடையாது. பாட்டியும் பேத்தியும் ஒரே 'இருக்கையில்' உட்கார்ந்து பார்க்கலாம்.

மூன்றாவது, திரும்பப் பார்க்கும் வசதி. மேடையில் ஒரு அடவு போனால் போனதுதான். பதிவில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, வேகத்தைக் குறைத்துப் பத்து முறை பார்க்கலாம். நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நடனம் எழுதிவைக்கப்படும் கலை இல்லை, ஆடுகிறவரோடு போய்விடும். ரிவர்டான்ஸிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1995 அக்டோபரில், லண்டனில் அடுத்த சுற்று தொடங்கவிருந்த நேரத்தில், ஒப்பந்தச் சிக்கலால் ஃபிளாட்லி குழுவை விட்டு விலகினார். அவருடைய இடத்துக்குக் கொலின் டன் வந்தார். 1995 டப்ளின் வீடியோவில் ஃபிளாட்லி. 1996 நியூயார்க் வீடியோவில் கொலின் டன். ஃபிளாட்லி மார்பை நிமிர்த்தி, கைகளை விரித்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஆடுவார். டன் அடக்கமானவர், தாளத்துக்குள் மூழ்கிவிடுவார். அதே இசை, அதே நிகழ்ச்சி, இரு வேறு மனிதர்கள். இரண்டு பதிவுகளும் இருப்பதால்தான் இன்றைக்கும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

நம் ஊரிலேயே இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. உதயசங்கர் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நடத்திவந்த கலை மையம் 1940-களின் நடுவில் மூடப்பட்டது. பிறகு அவர் தன் நடனங்களை வைத்து 'கல்பனா' என்ற படத்தை எடுத்தார். படப்பிடிப்பு நடந்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். 1948-ல் படம் வெளியானது. நடிகை பத்மினி திரையில் முதன்முதலாகத் தோன்றியதும் இதில்தான். வசூலில் அந்தப் படம் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால், உதயசங்கர் குழுவாக எப்படி ஆட்டுவித்தார் என்பதை இன்று பார்க்க வேண்டுமென்றால் 'கல்பனா'தான் கதி. புதுப்பிக்கப்பட்ட பிரதி 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அவர் அதை ஸ்டூடியோவில், கேமராவுக்காகவே ஆடவைத்து எடுத்தார் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அதற்கான காரணம் அடுத்துச் சொல்லப்போகும் சங்கடங்களில் இருக்கிறது.

வரிசை காணாமல் போகும் இடம்

ரிவர்டான்ஸின் உச்சக்கட்டம் எது என்று கேட்டால், பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த நீண்ட வரிசையைத்தான் சொல்வார்கள். அவ்வளவு கால்களும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்குவதைப் பார்க்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும். அந்தச் சிலிர்ப்புக்குக் காரணம் ஒவ்வொரு காலும் அல்ல. அத்தனையும் ஒன்றாக இருப்பதுதான். அதை உணர வேண்டுமென்றால், வரிசையின் இரண்டு முனைகளும் ஒரே சமயத்தில் கண்ணில் பட வேண்டும்.

1995-ல் வீட்டு டி.வி. ஏறக்குறைய சதுரம். அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அந்தச் சட்டத்துக்குள் மேடையின் முழு அகலத்தையும் அடக்கினால் ஆட்கள் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள். மேலும் கீழும் வெறும் இருட்டு. இயக்குநர் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் அகலமாகக் காட்டுவார், உடனே நாலைந்து ஜோடிக் கால்களுக்குத் தாவுவார், அங்கிருந்து நாயகனின் முகத்துக்கு, அங்கிருந்து பார்வையாளருக்கு. ஒவ்வொரு துண்டும் அழகாக இருக்கும். ஆனால், கண் வரிசையைப் பிடிப்பதற்குள் வரிசை போய்விடும்.

இன்றைய நிலைமை இன்னும் வேடிக்கை. டி.வி. அகலமாகிவிட்டது, அதற்குள் நாம் செல்போனுக்கு மாறிவிட்டோம். போனை நிமிர்த்திப் பிடித்தபடி பார்க்கும் சின்னச் சின்ன வீடியோக்களுக்காக, அகலமான நடனத்தின் இரண்டு பக்கங்களையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் இருப்பவரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். முப்பது பேர் ஆடிய நடனம் மூன்று பேர் நடனமாகிவிடுகிறது.

இதில் கேமராவின் இயல்புக்கும் பங்கு உண்டு. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம், திரைப்பட இயக்குநர் சார்லஸ் அட்லஸோடு சேர்ந்து 1970-களிலிருந்து கேமராவுக்கென்றே நடனங்களை அமைத்துப் பார்த்தவர். அவர் கண்டுகொண்ட விஷயம் எளிமையானது. மேடை, பார்வையாளருக்குப் பக்கத்தில் மிக அகலம். கேமராவின் பார்வையோ, லென்ஸுக்குப் பக்கத்தில் குறுகி, தள்ளிப்போகப் போக விரியும். அதாவது விசிறியைக் காம்புப் பக்கமிருந்து பார்ப்பது போல. மேடையின் முன்விளிம்பில் நிற்கும் வரிசை அரங்கத்துக்கு மிகப் பலமான இடத்தில் நிற்கிறது. கேமராவுக்கோ மிக மோசமான இடத்தில் நிற்கிறது.

ஆழமும் கெடும். அரங்கின் பின்பக்கத்திலிருந்து நீண்ட லென்ஸ் வைத்து எடுக்கும்போது, முன்னும் பின்னுமாக நிற்கும் நான்கு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய படம் மாதிரி தெரியும். நேரில் பார்த்தால் அந்த வரிசைகளுக்கு இடையே ஓடும் காற்றுகூடத் தெரியும்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. நாயகன் மேல் பளிச்சென்று வட்ட விளக்கு, பின்னால் இருப்பவர்கள் நீல இருட்டில். நம் கண் இரண்டையும் சமாளித்துப் பார்த்துவிடும். கேமராவால் அது முடியாது. முகத்துக்குச் சரிசெய்தால் பின்வரிசை கறுத்துப்போகும். பின்வரிசைக்குச் சரிசெய்தால் முகம் வெளுத்துப்போகும். இதிலும் பின்னால் நிற்பவர்தான் தோற்கிறார்.

ஒலியும் கொஞ்சம் சந்தேகமும்

கால்தாளத்தை நம்பி நிற்கும் நடனத்தில் ஒலிதான் பாதி. அரங்கில் அது காதுக்கு மட்டும் வருவதில்லை. தரை வழியாக, நாற்காலி வழியாக உடம்புக்குள் இறங்குகிறது. செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்தக் கனத்த அதிர்வைத் தர முடியாது. 'தொம்' என்று விழுந்த அடி 'டிக்' என்று கேட்கும். சும்மா ஒரு ஹெட்போன் மாட்டிக்கொண்டாலே நடனம் பாதி உயிர் பெற்றுவிடும்.

இன்னொரு நெருடலும் இருக்கிறது. இந்த மாதிரிப் பெரிய நிகழ்ச்சிகளில், குழுவாக ஆடும் இடங்களில் முன்பே பதிவு செய்த கால்தட்டல் ஒலியையும் சேர்த்து ஒலிக்கவிடுவது உண்டு. அத்தனை பேரின் ஷூவிலிருந்தும் நேரடியாகத் தெளிவான ஒலி பிடிப்பது கஷ்டம் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். நேரில் பார்ப்பவர் அந்த வேகத்தில் இதையெல்லாம் யோசிப்பதில்லை. பதிவில், கால் க்ளோஸ்-அப்பில் தெரியும்போது, ஒலியும் காலும் மயிரிழை விலகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். நெருக்கம் தருகிற கேமராவே நம்பிக்கையையும் கொஞ்சம் அசைத்துவிடுகிறது.

பதற்றமும் குறைந்துபோகிறது. 'ஹாமில்டன்' என்ற பிரபல அமெரிக்க இசை நாடகத்தை 2016 ஜூனில் படமெடுத்தார்கள். பார்வையாளர்கள் இருந்த இரண்டு காட்சிகளைப் பிடித்தார்கள். அரங்கம் காலியாக இருந்தபோது கேமராவை மேடைக்கே ஏற்றிச் சில பகுதிகளைத் தனியாக எடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுத்தது 2020 ஜூலை 3 அன்று ஓ.டி.டி-யில் வந்தது. படம் பிரமாதம். ஆனால், இப்படி எடுக்கும்போது நாம் பார்ப்பது எந்த ஒரு நாளும் நடந்த நிகழ்ச்சி அல்ல. பல நாள்களின் நல்ல நொடிகளைக் கோத்த மாலை. 'தவறிவிடுவாரோ' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் சுகம் அதில் இருக்காது.

ரெவ்யூ என்பதால் வருகிற சிக்கல் ஒன்றும் உண்டு. கதை இல்லாத நிகழ்ச்சியை அரங்கில் ஒட்டவைக்கும் பசை, கூட்டத்தின் கைதட்டல். பக்கத்தில் இருப்பவர் ஆரவாரம் செய்தால் நமக்கும் உற்சாகம் வரும். வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அந்தப் பசை இல்லை. ஆறாவது நடனத்தில் கை தானாக ரிமோட்டைத் தேடும். இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்க்காமல், ஒரு நாளைக்கு மூன்று நான்கு நடனங்கள் என்று பிரித்துப் பார்த்தால் இந்த அலுப்பு வராது. கதை இல்லாததில் ஒரு வசதி இது.

சரியாகச் செய்தவர்கள்

இந்தச் சங்கடங்களைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

1930-களின் ஹாலிவுட்டில் ஃபிரெட் அஸ்டயர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஆடும்போது தலை முதல் கால் வரை முழு உடம்பும் திரையில் தெரிய வேண்டும். நடுவில் வெட்டுவது முடிந்தவரை கூடாது. 1935-ல் வந்த 'டாப் ஹாட்' மாதிரியான படங்கள் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் சலிக்காமல் இருப்பதற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். அதே காலத்தில் பஸ்பி பெர்க்லி நேரெதிர் வழியில் போனார். 1933-ல் வந்த '42-வது தெரு' போன்ற படங்களில் கேமராவைக் கூரைக்கு ஏற்றி, நடனப் பெண்களைப் பூவிதழாகவும் சக்கரமாகவும் காட்டினார். எந்த அரங்கின் எந்த இருக்கையிலிருந்தும் தெரியாத காட்சி அது. வரிசையை அவர் தொலைக்கவில்லை. திரைக்கு ஏற்ற மாதிரி புதிதாக வரைந்தார்.

மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்ததில் பாப் ஃபாஸி ஒரு முன்னோடி. லைசா மின்னெலி ஆடிப் பாடிய 'லைசா வித் எ இசட்' நிகழ்ச்சியை 1972 மே மாதம் நியூயார்க் லைசியம் அரங்கில், பார்வையாளர்கள் முன்னால், ஒரே இரவில், எட்டு 16 எம்.எம். ஃபிலிம் கேமராக்கள் வைத்து எடுத்தார். நடனத்தை அமைத்தவரும் கேமராவை நிறுத்தியவரும் ஒருவரே. எந்த நொடியில் விரல் முக்கியம், எந்த நொடியில் கூட்டம் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த டி.வி. நிகழ்ச்சி அவருக்கு எம்மி விருதுகளை வாங்கிக் கொடுத்தது.

ஆழத்தைப் பிடிக்க வழி தெரியாமல் பல ஆண்டுகள் தயங்கியவர் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ். பீனா பௌஷ் என்ற நடன அமைப்பாளரைப் படமெடுக்க வேண்டும் என்று இருவரும் நீண்ட காலம் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு இசைக்குழுவின் 3டி படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. வேலை தொடங்கவிருந்த நேரத்தில், 2009 ஜூன் 30 அன்று பீனா இறந்துபோனார். அவருடைய நடனக் குழுவே கேட்டுக்கொண்டதால் படம் தொடர்ந்தது. 2011-ல் வந்த 'பீனா' படத்தில் ஆடுகிறவர்களுக்கு இடையே உள்ள வெளியும் ஒரு பாத்திரம் மாதிரி தெரியும்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன், எதை இழக்கிறோம் என்று யோசித்தார்கள்.

யாருடைய உழைப்பு மிஞ்சுகிறது?

இதெல்லாம் வெறும் ரசனைச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. ஒரு குழு நடனத்தின் பதிவுதான் நாளைக்கு அந்த நடனத்துக்கே சாட்சி. நாயகன் பெயரும் முகமும் வரலாற்றில் நிற்கும். அவருக்குப் பின்னால், மாதக்கணக்கில் கணுக்கால் வலிக்கப் பயிற்சி எடுத்து, பக்கத்தில் நிற்பவரின் அசைவுக்கு இம்மி பிசகாமல் ஆடியவர், பதிவில் முகமில்லாத ஒரு ஜோடிக் காலாக இரண்டு நொடி வந்து போகிறார். வரிசையில் நிற்பவரின் திறமையே தனித்துத் தெரியாமல் இருப்பதுதான். அந்தத் திறமையைக் காட்டும் ஒரே வழி முழு வரிசையையும் காட்டுவது. அதை வெட்டிவிட்டால் அவர் ஆடியதற்குத் தடயமே இல்லை.

2020-ல் ரிவர்டான்ஸ் தன் 25-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அது பிறந்த பாயின்ட் அரங்கம் இருந்த இடத்தில் இப்போது '3அரீனா' இருக்கிறது. அங்கே நடந்த நிகழ்ச்சியைப் படமாக்கித் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு கொரோனாவால் உலகெங்கும் மேடைகள் இருண்டன. ஆட இடமில்லாமல் கலைஞர்கள் வீட்டில் முடங்கிய மாதங்களில், ரசிகர்களுக்கு மிஞ்சியது பதிவுகள்தான். 1994-ல் தொடக்கப்பள்ளிகூடப் போகாத பிள்ளைகள் வளர்ந்து அந்த வரிசையில் நின்று ஆடியதும் அதில் பதிவாகியிருக்கிறது.

ஆண்டு விழாவில் ஒரு போன்

இந்த விஷயம் நம் வீட்டுக்கு வந்து சேரும் இடம், பள்ளி ஆண்டு விழா. அதுவும் கதம்ப நிகழ்ச்சிதானே! கும்மி, கோலாட்டம், சினிமாப் பாட்டு என்று வரிசையாக மேடையேறும். கீழே நூறு செல்போன்கள் உயரும். ஒவ்வொன்றும் தன் பிள்ளையை மட்டும் பெரிதாக்கிப் பிடிக்கும். விழா முடிந்து பார்த்தால், நூறு பிள்ளைகளின் முகங்கள் நூறு போன்களில் இருக்கும். அவர்கள் சேர்ந்து ஆடிய கோலாட்டம் ஒரு போனிலும் இருக்காது.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். வகுப்புப் பெற்றோரில் யாராவது ஒருவர் முன்கூட்டியே பொறுப்பேற்றுக்கொண்டால் போதும். அரங்கின் நடுவில், கொஞ்சம் பின்னால், முன்னால் இருப்பவரின் தலை மறைக்காத உயரத்தில் ஒரு ஸ்டாண்டு. அதில் போனைப் படுக்கை வசமாக மாட்ட வேண்டும். மேடையின் இரண்டு ஓரமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். கால்கள் கட்டாயம் தெரிய வேண்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது அவைதான். பாட்டு முடியும் வரை ஜூமைத் தொடவே கூடாது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் கரகரக்கும், தள்ளியே இருக்கட்டும். முகங்களை நெருக்கமாக எடுக்க இன்னொரு போன் இருந்தால் நல்லது. ஒத்திகை நாளிலேயே அதை எடுத்துக்கொண்டால், விழா அன்று மற்றவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படி எடுத்த வீடியோ ஆட்டம் அசைவில்லாமல், சினிமா மாதிரி இல்லாமல், கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும். ஆனால், மூன்றாவது வரிசையில் இடது ஓரமாக நின்று, ஒரு கோல் தவறாமல் தட்டி முடித்த பிள்ளையும் அதில் இருப்பாள். அவளுடைய அம்மாவும் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.